சாமி ஷெல்ஃபில் இருந்த முதல் பீஸ்

என் கணவர் தேசப்பனின் காரியத்துக்கு வர நேரமில்லாத ஜெனரல் மேனேஜர் அன்புராஜ், கம்பெனியில் அவர் படத்துக்கு மாலை போட மட்டும் முதல் ஆளாக வந்து நின்றார். அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. டெஸ்ட் அறையில் இருக்கும் சாமி ஷெல்ஃபில், பிள்ளையாருக்கும் மகாலட்சுமிக்கும் பக்கத்தில் அதை வைத்தார்கள்.

"சார் இனிமே நமக்குத் தெய்வம்," என்றார் அன்புராஜ். போட்டோ எடுத்த பையன் சரியாக விழவில்லை என்றதும், போட்ட மாலையைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

தெய்வமாக்கிய சில மாதங்களிலேயே அதே ஆள் என் கணவரைக் குற்றவாளியாக்கினார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கிறது. மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபயர் செய்கிற சின்ன இடம். ஓசூரில் ஒரு நிறுவனம் மிளகாயும் மஞ்சளும் உலர்த்தும் இயந்திரம் செய்கிறது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் வேலையைப் பெரிய அளவில் செய்யும் இயந்திரம். அதற்குச் சூடு கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை எங்களிடம் வாங்கினார்கள். அதை டிசைன் செய்தவர் என் கணவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கேயே சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்தேன். அவர் சர்க்யூட்டைக் கொடுப்பார். எந்தப் பாகம் போர்டில் எங்கே உட்கார வேண்டும் என்று கணினியில் வரைவது என் வேலை.

ஆம்ப்ளிஃபயர் சின்னக் குரலைப் பெரிய குரலாக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வெளியே போன குரலில் கொஞ்சம் உள்ளே திரும்பி வந்தால் அதையும் பெரிதாக்கி அனுப்பும். அதில் கொஞ்சம் மறுபடி திரும்பும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ஊளையிடுகிறதே, அதே கதைதான். ஊளையிட ஆரம்பித்த பிறகு அது ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஆசிலேட்டர். யாரும் பேசாமலே கத்துகிற பொருள். ஆசிலேட்டர் தேவைப்படுகிறவர்கள் அந்த ஊளையைக் கூப்பிட்டு வரவழைத்துக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள், என்ன மாட்டினாலும் அது வராது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டெபிலிட்டி கணக்கு என்பது அதுதான்.

அந்தக் கணக்கில் அவர் பிடிவாதக்காரர். ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிற அலைவரிசையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட மாட்டார். டிரான்சிஸ்டருக்கு எங்கெல்லாம் பெருக்கும் பலம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்ப்பார். கீழ் அலைவரிசையில் அதற்குப் பலம் பல மடங்கு. ஊளை அங்கேதான் பதுங்கியிருக்கும். அது வெளியே வர ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை மிளகாய் கொடுக்கும். ஈர மிளகாய் வருகிற சக்தியை வாங்கிக்கொள்ளும். காயக் காய வாங்காமல் திருப்பி அனுப்பும்.

"மொளகா ஈரமா இருக்கிற வரைக்கும் எல்லா ஆம்ப்ளிஃபயரும் யோக்கியன்தான் திலகா," என்பார். "காஞ்சதுக்கு அப்பாலதான் அவன் புத்தி தெரியும்."

அதனால் டிரான்சிஸ்டரின் நுழைவாயிலில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தார். அதன் பக்கத்திலேயே ஒரு கப்பாசிட்டர். வேலை செய்யும் அலை கப்பாசிட்டர் வழியாகச் சிரமமில்லாமல் போய்விடும். கீழே பதுங்கியிருப்பது மட்டும் ரெசிஸ்டரில் மாட்டிக் களைத்துப்போகும். இரண்டும் சேர்ந்து எள்ளுருண்டை அளவுகூட இருக்காது. போர்டில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியது நான்தான். தள்ளி வை, ஒட்டி வை என்று அவர் என் தலைக்குப் பின்னால் நின்று பேஜார் பண்ணியதும் நினைவிருக்கிறது.

அன்புராஜுக்கு அந்த ரெசிஸ்டரைக் கண்டாலே ஆகாது. ஆம்ப்ளிஃபயரின் பலத்தை டிபி என்ற கணக்கில்தான் கேட்லாக்கில் போடுவோம்.

"தேசப்பா, அது அரை டிபி தின்னுது. தூக்கிட்டா கேட்லாக்ல நம்பர் ஏறும்."

"தூக்கினா காலி மிஷின்ல கத்தும் சார்."

"சர்க்குலேட்டர் வெச்சிருக்கோம்ல. திரும்பி வர்றத அது தடுத்துக்கும்."

"அது அதோட அலைவரிசையில மட்டும்தான் தடுக்கும். கீழ வர்றவனுக்குத் தெறந்த கதவு சார் அது."

"நீ எப்பப் பாரு நடக்காததையே கணக்குப் போட்டுக்கினு இரு," என்றார் அன்புராஜ்.

அன்புராஜ் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம், எந்த அலைவரிசையில் என்ன கத்துகிறது என்று கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் தெரியும் அகலத்தைக் குறைப்பது. வேண்டாத கோடு ஒன்று எழுந்து நின்றால், குமிழைத் திருகித் திரும்பத் திரும்பக் குறைப்பார், கோடு திரைக்கு வெளியே போகும் வரை. "இப்ப பாரு, கிளீன்," என்பார். வீட்டில் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற ஆள்கூட, தள்ளியது தான்தான் என்பதை மறக்க மாட்டான். அன்புராஜ் மறந்துவிடுவார். அந்த மறதிக்குத்தான் அவருக்கு மூன்று முறை பதவி உயர்வு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் புது மாடல் எது செய்தாலும் முதல் பீஸ் சாமிக்கு. நல்ல நேரம் பார்த்து மூடியைத் திருகி, சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளியின் மனைவி கையால் ஷெல்ஃபில் ஏற்றுவார்கள். அதை விற்கக் கூடாது, திறக்கக் கூடாது, கரண்ட் கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் மட்டும் காட்டுவார்கள். "சாமிக்கு இன்னாத்துக்கு திலகா மைக்ரோவேவ்? பொங்கல் சூடு பண்றதுக்கா?" என்று கேட்பார் என் கணவர். ஆனால் மிளகாய் ஆம்ப்ளிஃபயரின் முதல் பீஸை ஏற்றிய அன்று அவரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

அந்த ஐப்பசியில் பொன்னேரியில் தெருவெல்லாம் தண்ணீர். அவருக்கு டெங்கு வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். திரும்பி அழைத்துவரவில்லை.

நான் வேலைக்குத் திரும்பியபோது வேறு ஒரு மாடலைக் கையில் கொடுத்தார்கள். மிளகாய் ஆம்ப்ளிஃபயர் அதற்குள் நிறைய தயாராகி ஓசூர் போய்க்கொண்டிருந்தது. மாசியில் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. டிரான்சிஸ்டர் எரிந்து, மூடியைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நாற்றம். மிளகாய் காய்ந்து முடிகிற நேரத்தில்தான் எரிகிறது என்று ஓசூரிலிருந்து சொன்னார்கள்.

அசெம்பிளியில் சோல்டர் செய்யும் முத்தம்மா என்னைக் கூப்பிட்டாள். தேர்வாய்க்காரி. பட்டறிவும் வாயும் சம அளவில் உள்ளவள்.

"திலகாக்கா, இத்த வந்து பாரு."

எரிந்த போர்டில், ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் இருக்க வேண்டிய இடத்தில் செம்புத் தகடு ஒன்றைப் படுக்கவைத்து ஒட்டியிருந்தார்கள்.

"யாரு இப்படி வைக்கச் சொன்னது?"

"டிராயிங் மாத்திக் குடுத்தாங்க, வெச்சோம். சார் சொன்னார்னாங்க."

"எந்த சார்?"

முத்தம்மா கொஞ்சம் தயங்கினாள். "உங்க சார்தான்க்கா. ஆஸ்பத்திரிலேர்ந்து போன்ல சொன்னாராம். அன்புராஜ் சார் சொல்லிச்சு. நல்ல மனுசன், அந்த நெலமையிலயும் வேலைய நெனச்சிக்கினு இருக்காருன்னு நாங்ககூடப் பேசிக்கினோம்."

அந்த நாட்களில் என் கணவரின் வாயில் குழாய் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் விரலைத்தான் அசைப்பார்.

பழைய வரைபடத்தை எடுக்கலாம் என்று போனேன். சர்வர் மாற்றியபோது பழையதெல்லாம் போய்விட்டது என்றார்கள். புது வரைபடத்தில் ரெசிஸ்டர் இல்லை. டிசைன் செய்தவர் என்ற இடத்தில் தேசப்பன் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து அருணா வந்தார். அவர்கள் கம்பெனியின் இன்ஜினியர். காலை ஷிப்ட்டோடு வந்து இறங்கி, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புது போர்டு எப்போது தயாராகும் என்று சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்புராஜ் திரையில் படம் போட்டுப் பேசினார். "மேடம், ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்றேன். ஒரிஜினல் டிசைன்ல ஸ்டெபிலிட்டி சரியாப் பாக்கல. அந்த டிசைனர் இப்ப நம்ம கூட இல்ல. போய்ட்டவரப் பத்தி நான் தப்பாப் பேச மாட்டேன். ஆனா மிஸ்டேக் மிஸ்டேக்தான்."

அடுத்த படத்தைப் போட்டார். "இது நம்ம டீம் கண்டுபுடிச்ச சொல்யூஷன்."

டிரான்சிஸ்டரின் நுழைவாயிலில் ஒரு ரெசிஸ்டர். பக்கத்தில் ஒரு கப்பாசிட்டர்.

திருடன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசு கேட்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பறிகொடுத்தவனையே திருடன் என்று சொல்லிவிட்டுக் கேட்பதை அன்றுதான் பார்த்தேன். அதைவிட, அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாததைப் பார்த்தேன். மாலையைக் கழற்றி மறுபடி போட்டபோது இருந்த அதே முகம்.

"இது அவர் வெச்சது சார்," என்றேன்.

"திலகாம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

"வருத்தம் இல்ல சார். ரெசிஸ்டர். ஒரிஜினல்ல இருந்துச்சு."

அருணா என்னைப் பார்த்தார். "டிராயிங் இருக்கா மேடம்?"

"டிராயிங் இல்ல. பீஸ் இருக்கு. சாமி ஷெல்ஃபுல."

அருணாவுக்கு விளங்கவில்லை. முதல் பீஸ் வழக்கத்தைச் சொன்னேன். அன்புராஜ் சிரித்தார். "அது பூஜ பண்ண பீஸ் மேடம். அதப் போய்த் தொறக்க முடியுமா? சென்டிமென்ட் மேட்டர்."

"எங்க மிஷின் எரியறதும் எங்களுக்கு சென்டிமென்ட்தான் சார்," என்றார் அருணா. "தொறங்க."

அன்புராஜ் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி தன் மனைவியைக் கேட்டார். ராகு காலம் முடியட்டும் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணி வரை. ஆகவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர், ஏசி போட்ட அறையில், ஒரு மூடியின் திருகாணியைக் கழற்ற வேளை வருவதற்காக. ராகுவுக்கு இவ்வளவு பயப்படுகிற ஒரு கம்பெனி, கண்ணெதிரே திரையில் எழுந்து நின்ற கோட்டுக்கு ஒரு நாளாவது பயந்திருந்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மூடியைத் திறக்க வந்த முத்தம்மா வாசலில் நின்று முணுமுணுத்தாள். "எரியறதுக்கு அது ராவு காலம் பாத்துச்சா இன்னா?"

"முத்தம்மா, பேசாத நில்லு," என்றார் அன்புராஜ்.

"நின்னுக்கினுதான சார் இருக்கேன். ஒக்காரவா சொன்னீங்க?"

பன்னிரண்டு அடித்ததும் பீஸை இறக்கினேன். அன்புராஜ் கை நீட்டவில்லை. சாமி குற்றம் வந்தால் யாருக்கு வர வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். திருகாணியின் பள்ளங்களில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. முத்தம்மா ஊசியால் சுரண்டி எடுத்துத் திருகினாள். மூடி வந்தது.

ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் அங்கே இருந்தன. ஒட்டி வைக்கவா தள்ளி வைக்கவா என்று அவர் பேஜார் பண்ணிய அதே இடைவெளியில்.

"நான் வெச்ச சோல்டர்தான்க்கா இது," என்றாள் முத்தம்மா. "நம்ம கை தெரியும்."

அருணா அதோடு விடவில்லை. ஸ்டோரிலிருந்து விற்காத பீஸ் ஒன்றையும் எடுத்துவரச் சொன்னார். அதை முதலில் மேசையில் வைத்தார். உள்ளே எந்த சிக்னலும் கொடுக்கவில்லை. கரண்ட் மட்டும் கொடுத்து, வெளிவாயிலில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிற ஒரு முனையை மாட்டி, காய்ந்துபோன மிளகாயின் நிலைமையை உண்டாக்கி, முனையை மெல்ல நகர்த்தினார். அனலைசர் திரையின் அகலம் அன்புராஜ் வைத்திருந்தபடியே குறுகலாக இருந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

"பாருங்க மேடம், கிளீன்," என்றார் அன்புராஜ், பழக்கத்தில்.

அருணா குமிழை மறுபக்கம் திருகினார். திரை அகன்றது. கீழ் அலைவரிசையில், எங்கோ இடது ஓரத்தில், பனைமரம்போல ஒரு கோடு நின்றது. அதன் மடங்குகளில் அடுத்தடுத்து இன்னும் சில. யாரும் எதுவும் கேட்காமலே அந்தப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. அருணா சட்டென்று கரண்டை நிறுத்தினார்.

பிறகு சாமி பீஸ். அதே கரண்ட், அதே முனை. முனையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நகர்த்தினார். திரையின் அகலத்தை முழுக்கத் திறந்துவிட்டார். அடித்தரையில் புல் மாதிரி இரைச்சல் மட்டும் இருந்தது. என் கணவர் சாதாரணமாகவே அதிகம் பேசாதவர்.

"ஓகே," என்றார் அன்புராஜ். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப ஃபர்ஸ்ட் பீஸுக்கும் புரொடக்ஷனுக்கும் நடுவுல ஒரு கம்யூனிகேஷன் கேப் ஆகியிருக்கு."

"எந்த கேப்பும் இல்ல சார்," என்றேன். "போன்ல சொன்னார்னு நீங்க சொன்ன அன்னைக்கு அவர் வாயில டியூப் இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன்."

அன்புராஜ் தன் போனைப் பார்த்தார். அதில் எதுவும் வந்திருக்கவில்லை. அதன் திரையையும் குறுக்க முடியுமா என்று பார்ப்பதுபோல விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

அருணா தன் அறிக்கையில் ஒரு வரி எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: மூல வடிவமைப்பில் பாதுகாப்பு இருந்தது, தயாரிப்பின்போது அது அகற்றப்பட்டது. யார் அகற்றியது என்று எழுதவில்லை. "அது உங்க கம்பெனி விஷயம் மேடம்," என்றார். "எனக்கு சரியான பீஸ் வந்தாப் போதும்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மிளகாய் காய வேண்டும் என்று வந்தவர்.

சாயங்காலம் முதலாளியின் மனைவி அன்புராஜுக்குப் போன் செய்திருந்தார். சாமி பீஸைத் திறந்ததற்குப் பரிகாரம் செய்ய ஐயர் வருகிறாராம். "வேற ஒன்னும் இல்ல திலகாம்மா," என்றார் அன்புராஜ், பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து. "உங்க கை பட்டுச்சுல்ல. அம்மா அதெல்லாம் பாப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

பீஸைத் தொட்டவர்கள் மூன்று பேர். முத்தம்மாவின் கைக்கும் அருணாவின் கைக்கும் பரிகாரம் தேவைப்படவில்லை. தாலி இல்லாத கைக்குத்தான் தேவைப்பட்டது. அந்தத் தாலி எப்படிப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளைத்தான் பக்கத்திலேயே படமாக வைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள்.

நான் ஸ்டூலில் ஏறி அவர் படத்தை இறக்கினேன். சந்தன மாலையைக் கழற்றி ஷெல்ஃபிலேயே விட்டேன். அது கம்பெனிச் செலவு.

"சார் படத்த எங்க எடுத்துக்கினு போறீங்க? சாமிகூட இருக்கட்டும்."

"சாமி பீஸையே எறக்கியாச்சு சார். இவரையும் எறக்கிட்றேன்."

"நம்ம மரியாதைக்கு வெச்சது திலகாம்மா."

"தெரியும் சார். அதனாலதான்."

கம்பெனி பஸ்ஸில், தேர்வாயில் இறங்காமல் கும்மிடிப்பூண்டி வரை முத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். படத்தின் கண்ணாடியில் குங்குமம் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். கற்பூரப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போகவில்லை. ரயிலில் பொன்னேரி வரை படத்தை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த அம்மா ஒருத்தி, யாரு, புருசனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னா வேலை பண்ணிக்கினு இருந்தாரு என்றாள். சத்தம் வராம பாத்துக்கிற வேலை என்றேன். வாட்ச்மேனா என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

நான் மறுவாரமே வேலையை விட்டேன். முத்தம்மா சில ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வீட்டுக்கு வருவாள். அன்புராஜ் இப்போது டைரக்டராம். ஓசூர் பீஸ்களில் ரெசிஸ்டரைத் திரும்ப வைத்துவிட்டார்களாம்.

"மத்த கம்பெனிங்களுக்குப் போறதுல?" என்று கேட்டேன்.

"டிராயிங்ல இருக்கிறதத்தான்க்கா வெக்கிறோம்," என்றாள் முத்தம்மா. "கேட்லாக்ல அவங்க ஏத்தின அந்த அரை டிபி அப்படியேதான் இருக்குது."

அந்த டிராயிங்கில் டிசைனர் என்று அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் எடுத்துவிட்டார்களாம். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவர்களுக்கு நன்றி.